கடல் புறாவும் புயலிலே ஒரு தோணியும்: வாசிப்பில் படிக்கட்டு உண்டா?

கிட்டங்கி, ஜார்ஜ்டவுன்:

புதிதாக வாசிக்க வந்த ஒருவருக்குப் போன வாரம் நம் வாசகர் குழுமத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். ராஜேஷ்குமாரில் ஆரம்பி, சுஜாதாவுக்கு வா, அப்புறம் கல்கி, அப்புறம் ஜானகிராமன், கடைசியில் அசோகமித்திரன். பட்டியலில் இருக்கும் எல்லாருமே எனக்குப் பிடித்தவர்கள். அவர்களைப் படிக்கட்டாக அடுக்கியதுதான் உறுத்துகிறது. கீழ்ப்படியில் இருப்பவர் மிதித்து ஏறுவதற்கு மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. மேலே போன ஒருவர் திரும்பவும் ஒரு க்ரைம் நாவலை எடுத்தால் சறுக்கிவிட்டார் என்று ஆகிவிடுகிறது. நான் அப்படி வாசித்ததே இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்கள் யாரும் அப்படி வாசித்ததாகத் தெரியவில்லை.

அண்மையில் சாண்டில்யனின் கடல் புறா மூன்று பாகங்களையும் மறுபடி முடித்தேன். சூட்டோடு சூடாக ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை எடுத்தேன். திட்டம் எதுவும் இல்லை, அலமாரியில் பக்கத்தில் இருந்தது. அடுத்தடுத்துப் படித்தபோதுதான் இரண்டும் ஒரே கடலில் நடக்கின்றன என்பது உறைத்தது. சுமத்ராவுக்கும் நம் கரைக்கும் நடுவில் கிடக்கிற மலாக்கா நீரிணை. ஒருவர் அதில் போர்க்கப்பல் விடுகிறார், இன்னொருவர் சரக்கு ஏற்றிய தொங்கான் என்ற பாய்மரப் படகை விடுகிறார்.

கடல் புறா குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர்கதை. கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணி பாடும் அதே தளபதி. கலிங்கத்துப் பாலூரில் தப்பி, சுமத்ராவின் அட்சயமுனையைப் பிடித்து, கடாரம் வரை வருகிறான். கடாரம் என்றால் நம் கெடாதான். எங்கள் பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டி வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். ஆனால் சாண்டில்யனின் கடாரத்தில் எனக்கு ஒரு தரம்கூட வேர்த்ததில்லை. மாளிகை, நந்தவனம், நிலா, அதன் நடுவில் காஞ்சனா தேவி. இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அது வேறு ஏதோ நாடு மாதிரி இருக்கிறது. அவருக்கு ஈடுபாடெல்லாம் கப்பலில்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பாயை இறக்குவது, எதிரியை எவ்வளவு கிட்டத்தில் வரவிட்டு எரியம்பு விடுவது, இதையெல்லாம் அவர் சொல்லும்போது பக்கம் பறக்கிறது. அந்தத் திறமையைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் ஒரே ஒரு கடல் சண்டையை எழுதிப் பார்க்கட்டும்.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வேலைக்குச் சுமத்ராவின் மேடானுக்கு வந்தார், 1946இல் திரும்பிப் போனார், பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை. எழுதியது இரண்டே நாவல். இரண்டிலும் பினாங்கு இருக்கிறது. செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள், அங்கே உதவிக்கு இருக்கும் அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஜப்பான்காரன் ஆட்சி, இந்திய தேசிய ராணுவம். இந்த ஊரில் நடந்து திரிந்தவர் எழுதியது என்று ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. கடலுக்கு அப்பால் கலைமகள் போட்டியில் பரிசு வாங்கி 1959இல் புத்தகமானது. புயலிலே ஒரு தோணி எழுதி முடித்தும் பதிப்பாளர் அமையாமல் இழுத்துக்கொண்டே போய் 1972இல்தான் அச்சேறியது. வாராவாரம் லட்சம் பேர் காத்திருந்த கதைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இரண்டிலும் கடல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் கவனித்தேன். கடல் புறாவில் காற்றும் அலையும் கதாநாயகன் கையில் இருக்கும் ஆயுதம். எதிரிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிகிறது, அதனால் ஜெயிக்கிறான். புயலிலே ஒரு தோணியில் நாயகன் பாண்டியன் மேடானிலிருந்து பினாங்குக்கு வரும்போது அடிக்கும் புயலில் யாருக்கும் எதுவும் கைகொடுப்பதில்லை. கெட்டிக்காரத்தனத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. வாக்கியங்களே உடைந்து உடைந்து வருகின்றன. படித்து முடித்தபோது நான் ஒரு படி ஏறியதாகத் தோன்றவில்லை. ஒரே நீரிணையை இரண்டு பசிக்காகப் பார்த்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. ஒன்று மனிதன் நினைத்தால் முடியும் என்று கேட்க ஆசைப்படும் பசி. இன்னொன்று முடியாதபோது அவன் என்ன ஆகிறான் என்று தெரிந்துகொள்ளும் பசி. எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வரும்.

என் நண்பர் ஒருவர் கடல் புறாவைத் திரும்பத் திரும்பப் படிப்பவர். சிங்காரம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. இன்னொருவர் தாத்தா செட்டியார் கடையில் இருந்தவர் என்பதால் நேராகச் சிங்காரத்தில் நுழைந்தார், சாண்டில்யனை அவரால் நாற்பது பக்கம் தாங்க முடியவில்லை. இவர்களில் யார் மேல்படி, யார் கீழ்ப்படி?

ஒருவரி:

பெண் வர்ணனையை எடுத்துவிட்டால் கடல் புறா மூன்று பாகம் ஒன்றரைப் பாகம் ஆகிவிடும் லா.

தோட்டத்துப்பிள்ளை, பீடோங்:

கிட்டங்கி அண்ணே, கடாரம் எங்கள் பக்கம் என்பதால் நான் பேசியே ஆகவேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடல் புறா படித்துவிட்டுத்தான் பழைய கடாரத்தின் எச்சங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும் என்று அப்பாவை நச்சரித்தேன். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனால் மாளிகையும் இல்லை, நந்தவனமும் இல்லை. புக்கிட் பத்து பகாட் கோயிலின் கருங்கல் அடித்தளம், மண்டபத்துக்குத் தூண் நிறுத்திய கற்கள், அவ்வளவுதான். மேல் கட்டுமானம் மரம், அது எப்போதோ மக்கிப் போய்விட்டது. சாண்டில்யன் ஏமாற்றிவிட்டார் என்று அன்றைக்குக் கோபம். இப்போது யோசித்தால், அந்தக் கோபம் இல்லாமல் அந்தக் கல்லை நான் பார்க்கவே போயிருக்க மாட்டேன்.

2013இல் எங்கள் பக்கத்துத் தோட்ட நிலத்தில் இருந்த பழைய சண்டி (பழங்காலக் கோயில்) ஒன்றை வீட்டு மனைக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வெளியே வந்ததும் நாடு முழுக்கச் சத்தம். அந்த நேரத்தில் என்னோடு சேர்ந்து கொதித்த நண்பர்களில் பாதிப்பேர் வரலாற்றுப் புத்தகம் தொட்டவர்கள் இல்லை. கடல் புறா படித்தவர்கள், பொன்னியின் செல்வன் படித்தவர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பொன்னியின் செல்வனில் அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் மறைந்திருப்பார் இல்லையா? அந்த விகாரத்தைக் கட்டியது ஸ்ரீவிஜய, கடார அரசர்கள். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி ராஜராஜன் அதற்கு ஊர் கொடுத்தது அவருடைய 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1005, 1006 வாக்கில். கதை நடப்பதோ அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன்பு. காலம் இடிக்கிறது. ஆனாலும் நம் கரைக்கும் சோழநாட்டுக்கும் இடையே சண்டை மட்டும் நடக்கவில்லை, கோயில் கட்டும் அளவுக்கு உறவும் இருந்தது என்று எனக்கு முதலில் சொன்னது கல்கிதான். ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மேல் நடத்திய படையெடுப்பைப் பற்றி மட்டும் மார்தட்டுகிறவர்கள் அந்த அத்தியாயங்களை மறுபடி படிக்கலாம்.

மாலைமதி ரசிகை, செந்தூல்:

எல்லாரும் ஆண்பிள்ளைகள் கப்பல் ஏறும் கதையையே பேசுகிறீர்கள். கொஞ்சம் கரைக்கு வாருங்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்தில் மாத நாவல் ஒன்று வந்தால் அது எங்கள் வீட்டில் தங்காது, வரிசையில் கடைசி வீடு வரை போய் அட்டை கிழிந்துதான் திரும்பும். ரமணிசந்திரன் என்றால் சண்டையே நடக்கும். படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அம்மா மத்தியானத்தில் வாசித்துக் காட்டுவார். பாட்டி நடுவில் நிறுத்தி, "இவன் இப்ப மன்னிப்புக் கேட்பான் பாரு" என்பார். கேட்பான்.

அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த வாசகர்கள் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவில்லை. "இந்த மாசம் அவசரத்துல எழுதியிருக்காங்க", "இந்த மாமியாரை முந்தின கதையிலேயே பார்த்தாச்சு", "கடைசியில அவசரமா சேர்த்து வெச்சுட்டாங்க" என்றெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விமர்சனத்துக்கும் இதற்கும் கலைச்சொற்கள்தான் வித்தியாசம். ஒரே வகைக் கதையை நூறு படித்தவருக்கு அதில் எது அசல், எது ஒப்பேற்றல் என்று கைக்குத் தெரியும்.

அம்மா "மேலே" ஏறவில்லை. ஒரு முறை ஜானகிராமனின் அம்மா வந்தாள் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, "இவரு அந்தப் பொம்பளைக்கு ஞாயமும் பேசல, திட்டவும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசு ஆறல" என்றார். மறுநாள் ரமணிசந்திரன் எடுத்துக்கொண்டார். மனசு ஆறவேண்டும் என்று ஒருவர் கதை தேடினால் அதில் என்ன குறை? நாள் முழுக்க மரத்தடியில் கொசுக்கடியோடு நின்றவருக்கு, கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகும் என்ற உத்தரவாதம் சின்ன விஷயம் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில், கோலாலம்பூர்:

அக்கா சொன்னதற்கு ஒரு கைதட்டல். நான் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிய அந்தப் புதிய வாசகன்தான், அதனால் கொஞ்சம் பயந்துகொண்டே எழுதுகிறேன்.

ஒன்று கவனித்தேன். நாம் இன்றைக்குச் செவ்வியல் என்று கும்பிடும் பல நாவல்கள் தொடர்கதையாகத்தான் பிறந்திருக்கின்றன. மோகமுள் சுதேசமித்திரனில் வந்தது. ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் வேறு தலைப்பில் தினமணி கதிரில் வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் 1866இல் ரஷ்யப் பத்திரிகையில் மாதாமாதம் வந்தது. அதில் கோடரிக் கொலை இருக்கிறது, துருவித் துருவிக் கேட்கும் அதிகாரி இருக்கிறார், மாட்டுவானா மாட்டமாட்டானா என்ற பதற்றம் இருக்கிறது. அந்தக் கால வாசகர் அதை க்ரைம் நாவலாகவும் படித்திருப்பார்தானே? எங்கே கோடு போடுவது?

ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ராஜேஷ்குமாரில் கொலையாளி யார் என்று தெரிந்ததும் புத்தகம் முடிகிறது. தஸ்தயேவ்ஸ்கியில் கொலையாளி யார் என்று ஆரம்பத்திலேயே தெரியும், புத்தகம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

அப்புறம் கிட்டங்கி அண்ணனிடம் ஒரு கேள்வி. புயலிலே ஒரு தோணியை முன்பே ஒரு முறை எடுத்தேன். மேடானுக்குள் ஜப்பான் படை நுழையும் தொடக்கத்திலேயே தெருப் பெயர், ஆள் பெயர் எல்லாம் குழம்பி மூடிவிட்டேன். எப்படி உள்ளே போவது?

கிட்டங்கி, ஜார்ஜ்டவுன்:

தம்பி, அந்த நாவலில் யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு வரியிலும் தேடாதீர்கள். அவர் பல இடங்களில் சொல்லவே மாட்டார். கடையில் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது பக்கத்து மேசையில் நாம் காது கொடுப்போமே, அப்படிக் கேட்டுக்கொண்டே போங்கள். கொஞ்ச நேரத்தில் குரல் பிடிபடும். தமிழ்ப் பெருமையை வைத்து அவர்கள் அடிக்கும் கிண்டல் வரும்போது சத்தமாகப் படியுங்கள். சிரிப்பு வராவிட்டால் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள். பாண்டியன் பினாங்கில் இருந்துகொண்டே மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்துப் போகும் பகுதிகளில் அவசரப்படாதீர்கள். கதை நிற்கிறதே என்று தோன்றும், ஆனால் வெளிநாட்டில் வேலைபார்க்கும் ஒருவனின் மனசு அங்கேதான் இருக்கிறது.

ஒரு சௌகரியம் சொல்கிறேன். தமிழ்நாட்டு வாசகர் அகராதி தேடும் பல இடங்களில் நமக்குத் தடையே இல்லை. மலாய், சீனப் பெயர்கள், சாப்பாடு, துறைமுகம் எல்லாம் நமக்குப் பழக்கம். அவர்கள் சாண்டில்யனில் சொகுசாக இருப்பது மாதிரி நாம் சிங்காரத்தில் இருக்கலாம்.

அதுவும் முடியவில்லை என்றால் கடலுக்கு அப்பாலை முதலில் எடுங்கள். சின்ன நாவல், நேராகப் போகிற கதை. செல்லையாவும் மரகதமும். போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பும் ஒருவனைக் கடை முதலாளிக்குப் பிடிக்காமல் போகிறது. அதற்குமேல் சொல்லமாட்டேன்.

ஒருவரி:

முதலில் சின்னது, அப்புறம் பெரியது. அண்ணே, இதற்குப் பெயர் என்ன, படிக்கட்டு இல்லையா?

கிட்டங்கி, ஜார்ஜ்டவுன்:

பக்கம் குறைவு என்பதற்காகச் சொன்னேன், தரம் குறைவு என்பதற்காக அல்ல. உங்களுக்குச் சண்டை வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர், ஆயர் ஈத்தாம்:

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். படிக்கட்டே வேண்டாம் என்று சொல்வது ஏற்கெனவே வாசகராகிவிட்டவர்களின் சொகுசு. நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். என்னிடம் வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருபது பக்கம் ஒரே மூச்சில் உட்காருவதே பாடாக இருக்கிறது. கைப்பேசி இழுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உட்காரும் பழக்கத்தை யாராவது கொடுக்கவேண்டும், அதை வேகமான கதைதான் கொடுக்கும். இது உயர்வு தாழ்வு பற்றிய பேச்சு இல்லை, உடற்பயிற்சி மாதிரி.

தேர்வுக்கு நாவல் வைப்பது இதற்கு உதவுவதில்லை. பிள்ளைகள் நாவலைப் படிப்பதில்லை, வழிகாட்டிப் புத்தகத்தைப் படிக்கிறார்கள். கதைச்சுருக்கம், கருப்பொருள், பாத்திரப் படைப்பு, உத்திமுறை. மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். கதாநாயகி எதற்கு அழுதாள் என்று கேட்டால் "நான்காவது கருத்து டீச்சர்" என்கிறான் ஒருவன்.

பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம் மட்டும் எப்போதும் வேலை செய்கிறது. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், 1993இல் வந்தது. ஜப்பான்காரன் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரியில் ஏற்றிப்போன கதை. நான் முன்னுரை எதுவும் சொல்வதில்லை. "உன் வீட்டில் பெரியவர்களிடம் சயாமுக்கு யாராவது போனார்களா என்று கேட்டுவிட்டு வா" என்று மட்டும் சொல்வேன். மறுநாள் இரண்டு பேராவது ஒரு பெயரோடு வருவார்கள். அப்புறம் புத்தகம் தானாகப் போகிறது. அது ஜனரஞ்சகமா, இலக்கியமா? விமர்சகர்கள் பேசிக்கொள்ளட்டும். என் வகுப்பில் அதைத் திகில் கதை படிக்கிற வேகத்தில் படிக்கிறார்கள்.

தோட்டத்துப்பிள்ளை, பீடோங்:

டீச்சர் அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் நிம்மதி. இவ்வளவு நேரம் பேசியும் நம் நாட்டு எழுத்தாளர் ஒருவர்கூட வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பீடோங்கில் பிறந்து பினாங்கில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு, சயாம் ரயிலைப் பற்றியே நினைவுச் சின்னம் எழுதிய அ. ரெங்கசாமி, மண்புழுக்கள் எழுதிய சீ. முத்துசாமி, இவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் எங்கே? ம. நவீனின் பேய்ச்சியை 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்தபோதுதான் மலேசியாவில் தமிழ் நாவல் எழுதுகிறார்கள் என்பதே பலருக்குத் தெரிந்தது.

எனக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். நம் நாட்டில் இலக்கிய நாவல் இருக்கிறது, ஜனரஞ்சக நாவல்தான் இல்லை. பொழுதுபோக்குக் கதை எல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது, இப்போது விமானத்திலும் கைப்பேசியிலும் வருகிறது. ஈப்போவில் நடக்கும் கொலை, கிள்ளானில் நடக்கும் காதல், ஜெராய் மலையில் ஒரு பேய்க்கதை, இவற்றை மாதாமாதம் எழுதித் தள்ளும் ஒரு எழுத்தாளர் நமக்கு அமையவில்லை. பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புகள் அந்த வேலையைக் கொஞ்சம் செய்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் மூடியபோது அந்த இடமும் சுருங்கிவிட்டது. இங்கே ஒருவர் எழுத வந்தால் முதல் கதையிலேயே சமூகத்தின் வலியைச் சொல்லியாக வேண்டும். சும்மா ஒரு நல்ல துப்பறியும் கதை எழுதினால் "இதுக்கா எழுத வந்த?" என்று கேட்கிறோம். வாசகன் மெட்ராஸ் கதைக்குப் போகாமல் என்ன செய்வான்?

மாலைமதி ரசிகை, செந்தூல்:

இதுதான் இந்த இழையில் முக்கியமான பேச்சு என்பேன். அம்மா படித்த நூற்றுக்கணக்கான காதல் கதைகளில் ஒரு கதாநாயகிகூடப் பால் வெட்டியதில்லை. அம்மா அதை ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. கதை என்றால் அது வேறு ஊர்ப் பங்களாவில் நடப்பது என்றே பழகிவிட்டார். கிட்டங்கி அண்ணனுக்குக் கடாரத்தில் வேர்க்காதது போலத்தான் இதுவும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில், கோலாலம்பூர்:

கடலுக்கு அப்பாலில் ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைகளில் கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் இங்கேயே வந்து கேட்பேன், இரவல் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்.

டீச்சர், ஆயர் ஈத்தாம்:

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கடல் புறாவிலிருந்து ஒரு கப்பல் சண்டை, தோணியிலிருந்து அந்தப் புயல், இரண்டையும் எழுத்தாளர் பெயர் போடாமல் நகலெடுத்து நான்காம் படிவத்துக்குக் கொடுக்கப்போகிறேன். எதன் அடுத்த அத்தியாயம் வேண்டும் என்று மட்டும் கேட்பேன். கருத்து, உத்தி எதுவும் கேட்கமாட்டேன்.

கிட்டங்கி, ஜார்ஜ்டவுன்:

கப்பல் சண்டைதான் ஜெயிக்கும் டீச்சர். ஆனால் வகுப்பில் ஒருவனாவது புயலைக் கேட்பான். பந்தயம் ஒரு தே தாரிக்.

ஒருவரி:

வர்ணனைப் பக்கத்தை நகலெடுத்துவிடாதீர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம் வந்துவிடும்.